முகாமுக்கு எடுத்துச் செல்லும் பேட்டரிப் பெட்டி: வீட்டிலேயே கட்டி, சார்ஜ் செய்து, பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடியிருந்துகொண்டு, விடுமுறை கிடைத்தால் பழவேற்காடு, நாகலாபுரம், ஜவ்வாது மலை என்று கூடாரத்துடன் கிளம்பும் குடும்பத்துக்கு இரவில் தேவைப்படும் மின்சாரம் உண்மையில் மிகக் குறைவு. ஒரு சிறிய மின்விசிறி, இரண்டு விளக்குகள், நான்கு கைபேசிகள் ஆகியவை இரண்டு இரவுகள் ஓடினால் போதும். அதே பெட்டி வீட்டிலும் சும்மா கிடக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது நகரின் பல பகுதிகள் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கடைகளில் 'பவர் ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆயத்தப் பெட்டிகள் கிடைக்கின்றன. மல்டிமீட்டரைக் கையில் பிடித்துப் பழகாதவர் அவற்றில் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பழகியவருக்கு மட்டும், சொந்தமாகக் கட்டுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் அவருக்குத் தெரியும் என்பதால், எது பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி பாதுகாப்பானதா என்பதைச் செல்லின் விலை முடிவு செய்வதில்லை. ஃப்யூஸ், ஒயர், லக் (ஒயரின் முனையில் மாட்டும் உலோகக் காது) ஆகிய மூன்றுமே முடிவு செய்கின்றன. மொத்தச் செலவில் சிறு பங்கே பிடிக்கும் இம்மூன்றில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள்.

முதலில் கணக்கு

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்பதைத் தாளில் எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய மின்விசிறி 12 வாட் எடுக்கிறது என்று கொண்டால், 8 மணி நேரத்துக்கு 96 வாட்-மணி ஆகும். 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கைபேசியின் பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி இருக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு கைபேசிக்கு 25 என்று வைத்துக்கொண்டால் நான்குக்கு 100. ஆக ஒரு நாளைக்கு 246 வாட்-மணி, இரண்டு நாளைக்கு 492. ஒயரிலும் மாற்றிகளிலும் ஏற்படும் இழப்புக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 541 வருகிறது.

12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 640 வாட்-மணி இருக்கும். அதில் 85 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டாலும் 544 கிடைக்கிறது. கணக்கு சரியாகப் பொருந்துகிறது என்பதால் இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அளவையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தேவை வேறானால் எண்களை மாற்றிக்கொள்ளலாம். கட்டும் முறை மாறாது.

மின்சாரக் கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் இந்தக் கணக்கில் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். 1,500 வாட் கெட்டிலை இன்வெர்ட்டர் வழியாக ஓட்ட, 12.8 வோல்ட் பேட்டரியிலிருந்து 138 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்க வேண்டியிருக்கும். அதற்கான ஒயர், ஃப்யூஸ், செல் எல்லாமே வேறு வகை. டீயைச் சிறிய கேஸ் அடுப்பில் போட்டுக்கொள்வதுதான் அறிவுடைமை.

இன்வெர்ட்டர் தேவையா என்பதும் இங்கேயே தீர்மானிக்க வேண்டிய கேள்வி. என் கருத்தில் பெரும்பாலும் தேவையில்லை. எதையும் ஓட்டாமல் 'ஆன்' நிலையில் வைத்திருந்தாலே ஒரு சிறிய இன்வெர்ட்டர் அரை ஆம்பியர் எடுப்பது சாதாரணம். அதாவது ஏறத்தாழ 6 வாட், ஒரு முழு நாளுக்கு 144 வாட்-மணி. மின்விசிறி ஓர் இரவெல்லாம் சுழல்வதற்கு ஆகும் மின்சாரத்தைவிட இது அதிகம். விசிறியும் விளக்கும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கின்றன. மடிக்கணினிக்கும், அது டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் வகையாக இருந்தால், 65 வாட் பி.டி. (பவர் டெலிவரி) மாட்யூல் ஒன்று போதும். கேமரா சார்ஜர் போன்ற ஏதோ ஒன்றுக்காக 230 வோல்ட் கட்டாயம் என்றால், 150 வாட் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டரைத் தனியாக வைத்து, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

எந்த வகை செல்

வீட்டு யு.பி.எஸ்.களிலும் இருசக்கர வாகனங்களிலும் இருக்கும் ஈய-அமில பேட்டரி மலிவானது. எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே மேலே சொன்ன தேவைக்கு 80 முதல் 100 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டியிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 5 கிலோதான் இருக்கும். ஈராயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் பயன்படும் மற்ற லித்தியம் வகைகளைவிட இது வெப்பத்தைத் தாங்கும். தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

பழைய மடிக்கணினிப் பேட்டரிகளை உடைத்து எடுத்த உருளைச் செல்களை வைத்துக் கட்டும் முறையும் பரவலாக இருக்கிறது. கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைக்கப்போகும் பெட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு செல்லும் வெவ்வேறு வயதுடையது, வெவ்வேறு விதமாகச் சூடானது. எது எப்போது பழுதாகும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதியைச் சேர்ந்த நான்கு புதிய செல்களாகக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரை எடுத்துச் செல்வதில் கூச்சம் வேண்டாம். கிடங்கிலிருந்து வரும் செல்கள் பாதியளவு சார்ஜில் இருக்கும் என்பதால் 3.2 முதல் 3.3 வோல்ட் வரை காட்டும். நான்குக்கும் இடையே நூறில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு செல்களைக் கேளுங்கள். பக்கவாட்டில் சிறிதளவு உப்பியிருந்தாலும், முனையின் திருகு மரை தேய்ந்திருந்தாலும், நீல நிற உறை கிழிந்திருந்தாலும் வாங்க வேண்டாம்.

மற்ற பொருள்கள்

நான்கு செல்களைத் தொடராக இணைக்கும் 12.8 வோல்ட் அமைப்புக்கான, 30 ஆம்பியர் திறன் கொண்ட பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை) ஒன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு உரியதா என்று கேட்டே வாங்க வேண்டும். வேறு வகை லித்தியத்துக்கான பலகை ஒரு செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றிவிடும். 30 ஆம்பியர் மேக்ஸி பிளேடு ஃப்யூஸ், அதன் ஹோல்டர். ஆறு வழி பிளேடு ஃப்யூஸ் பெட்டி. நேர்மின்னோட்டத்துக்கு உரிய மெயின் ஸ்விட்ச். ஷண்டுடன் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகக் குறைந்த தடையுள்ள துண்டு) கூடிய பேட்டரி மீட்டர். ஆண்டர்சன் கனெக்டர்கள், 12 வோல்ட் கார் சாக்கெட், யு.எஸ்.பி. சாக்கெட், பி.டி. மாட்யூல். முதன்மை இணைப்புக்கு 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.), சாக்கெட்டுகளுக்கு 2.5 ஸ்கொயர், விளக்குக்கு 1.5 ஸ்கொயர் பல இழைச் செம்பு ஒயர். வெள்ளீயம் பூசிய செம்பு லக்குகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை), செல்களுக்கு இடையே வைக்க எபாக்சி ஷீட், கனமான பிளாஸ்டிக் டூல் பாக்ஸ்.

இரண்டு பொருள்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுச் சுவிட்ச் போர்டில் இருக்கும் மாற்று மின்னோட்ட எம்.சி.பி.யை இங்கே ஃப்யூஸாகவோ ஸ்விட்சாகவோ வைக்கக் கூடாது. மாற்று மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தொடுமுனைகளுக்கு இடையே எழும் பொறி தானாக அணையும். நேர்மின்னோட்டத்தில் அப்படி ஒரு தருணம் வருவதே இல்லை. பொறி நீண்டுகொண்டே போகும்.

அடுத்தது, வீடுகளில் இருக்கும் மூன்று முள் 5 ஆம்ப் சாக்கெட்டை 12 வோல்ட் வெளியீட்டுக்குப் பயன்படுத்தும் பழக்கம். பல சிறு சோலார் விளக்குப் பெட்டிகளில்கூட இதைப் பார்க்கலாம். உங்கள் 12 வோல்ட் விசிறியின் ஒயரில் மூன்று முள் பிளக் இருந்தால், விவரம் தெரியாத யாராவது ஒருநாள் அதைச் சுவரில் உள்ள 230 வோல்ட்டில் செருகுவார்கள். 12 வோல்ட்டுக்கு என்று தனிக் கனெக்டரை வைத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

லக்கும் கிரிம்ப்பும்

ஒயரின் முனையைக் கையால் முறுக்கித் திருகில் சுற்றிவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. 30 ஆம்பியர் ஓடும் இடத்தில் அது நடக்கக் கூடாது. ஒயரின் காப்புறையை லக்கின் குழாய் நீளத்துக்குச் சரியாகச் சீவி, ஓர் இழைகூட வெட்டுப்படாமல் உள்ளே நுழைத்து, அளவுக்கு ஏற்ற தாடை கொண்ட கிரிம்ப்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. அழுத்திய பிறகு லக்கை ஒரு கையிலும் ஒயரை மறு கையிலும் பிடித்து பலங்கொண்ட மட்டும் இழுங்கள். கழன்று வந்தால், பெட்டிக்குள் போவதற்கு முன்பே வந்ததற்கு மகிழ்ச்சியடைந்து புதிய லக்கைப் போடுங்கள். நல்ல கிரிம்ப் ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தால், இழைகள் தனித்தனி வட்டங்களாகத் தெரியாமல் ஒன்றோடொன்று இறுகி அறுகோணங்களைப் போல ஒட்டியிருக்கும், இடைவெளியே இருக்காது. முதலில் ஒரு லக்கை இப்படி வீணாக்கிச் சோதித்துவிட்டு மற்றவற்றைச் செய்வது நல்லது.

கடலோரத்தில் வசிக்கும் நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். காசிமேட்டிலும் எண்ணூரிலும் திறந்து கிடக்கும் செம்பு ஒயரின் முனை சில மாதங்களில் கறுத்து, பிறகு பச்சை பூப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பச்சைப் படிவம் காப்புறைக்குள் ஓரிரு அங்குலம் வரை ஊர்ந்து போயிருக்கும். தடை கூடும், இணைப்பு சூடாகும். வெள்ளீயம் பூசிய லக்கும், அதன் கழுத்தில் உள்பசை கொண்ட ஸ்லீவும் உப்புக்காற்றை உள்ளே விடாது.

செல்களைச் சமப்படுத்துதல்

புதிய செல்கள் நான்கும் ஒரே வோல்ட்டைக் காட்டினாலும் உள்ளே இருக்கும் சார்ஜ் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வகை செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறத்தாழ மாறாமல் நிற்பதே காரணம். சமப்படுத்தாமல் கட்டினால், சார்ஜ் ஏறும்போது ஒரு செல் மட்டும் முன்னதாக நிரம்பி, பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்திவிடும். 50 ஆம்பியர்-மணிக்குப் பணம் கொடுத்துவிட்டு 42 மட்டுமே கிடைக்கலாம்.

முதலில் நான்கையும் தொடராக இணைத்து, பி.எம்.எஸ். பொருத்தி (பொருத்தும் முறை அடுத்த பகுதியில் இருக்கிறது), 14.6 வோல்ட் சார்ஜரால் அது தானாக நிற்கும் வரை ஏற்றுங்கள். பிறகு ஒரு மணி நேரம் விட்டு, பி.எம்.எஸ்.ஸையும் இணைப்புப் பட்டைகளையும் கழற்றி, நான்கு நேர்முனைகளை ஒன்றாகவும் நான்கு எதிர்முனைகளை ஒன்றாகவும் பக்க இணைப்பில் சேருங்கள். ஆய்வக வகை பவர் சப்ளை ஒன்றை, செல்லுடன் இணைப்பதற்கு முன்பே, 3.65 வோல்ட்டுக்கு அமைத்து, அந்த அளவை மல்டிமீட்டரிலும் சரிபார்த்த பிறகு இணைக்க வேண்டும். இணைத்த பிறகு வோல்ட் குமிழைத் தொடவே கூடாது. மின்னோட்டம் மெல்ல இறங்கி 1 ஆம்பியருக்கும் கீழே வந்ததும் எடுத்துவிடலாம். நேராகப் பக்க இணைப்பிலேயே தொடங்கினால் 200 ஆம்பியர்-மணித் தொகுதியில் பாதியை 5 ஆம்பியரில் நிரப்ப வேண்டியிருக்கும். அதற்கு 20 மணி நேரம் ஆகும் என்பதால்தான் முதலில் தொடர் இணைப்பில் ஏற்றச் சொன்னேன்.

இந்த வேலை முழுவதிலும் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எதுவும் அணியக் கூடாது. ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும். இரு முனைகளுக்கு இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பாயும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர்; பி.எம்.எஸ்.ஸுக்கு முன்பே நிகழும் அந்தக் குறுக்குச்சுற்றை எந்தப் பலகையாலும் தடுக்க முடியாது.

கட்டும் வரிசை

செல்களை முனை மாற்றி முனை அடுக்கி, இடையே எபாக்சி ஷீட் வைத்து, இரு பக்கமும் மரப்பலகை அல்லது அலுமினியத் தகடு கொடுத்து, அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். முனைகளையும் பட்டைகளையும் நைலான் தேய்ப்பானால் லேசாகத் துடைத்துச் சுத்தப்படுத்திய பிறகு பட்டையைப் பொருத்தி, செல் தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்க வேண்டும், 6 மி.மீ. திருகுக்கு இது பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். அலுமினிய முனையின் மரை மென்மையானது என்பதால் முரட்டுப் பலம் உதவாது.

பி.எம்.எஸ்.ஸின் தடித்த 'பி மைனஸ்' (B-) ஒயரை முதல் செல்லின் எதிர்முனையில் இணைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பிறகு மெல்லிய ஐந்து ஒயர்கள்: கறுப்பு அதே எதிர்முனைக்கு, மற்ற நான்கும் ஒன்று முதல் நான்கு வரை உள்ள செல்களின் நேர்முனைகளுக்கு, வரிசை தவறாமல். இவற்றை இணைக்கும்போது அவற்றின் பிளக் பலகையில் செருகப்பட்டிருக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பிளக்கின் கறுப்பு ஒயரில் வைத்து, சிவப்பு முனையால் மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். செல்கள் 3.3 வோல்ட்டில் இருந்தால் 3.3, 6.6, 9.9, 13.2 என்று படிப்படியாக ஏற வேண்டும். இந்த வரிசையில் ஒன்று பிசகியிருந்தாலும் பிளக்கைச் செருகிய நொடியிலேயே பலகை கருகிவிடலாம். சரியாக இருந்தால் மட்டும் செருகுங்கள். செருகிய பிறகும் வெளியீட்டில் வோல்ட் வரவில்லை என்றால் பதற்றப்பட வேண்டாம். சில பலகைகள் ஒருமுறை சார்ஜரை இணைத்தால்தான் விழித்துக்கொள்ளும்.

எதிர்முனைப் பக்கம் பி.எம்.எஸ்.ஸின் 'பி மைனஸ்' (P-) வெளியீட்டு ஒயர் ஷண்டுக்கும், ஷண்டின் மறுபக்கம் பொது எதிர்முனைப் பட்டைக்கும் போகும். இரண்டு ஒயர்களுக்கும் தமிழில் உச்சரிப்பு ஒன்றாகிவிடுவதால், செல் பக்கம், வெளியீட்டுப் பக்கம் என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நேர்முனைப் பக்கம் நான்காம் செல்லிலிருந்து வரும் 6 ஸ்கொயர் ஒயரில், ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே மேக்ஸி ஃப்யூஸ் வந்துவிட வேண்டும். செல்லுக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள ஒயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பதால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஃப்யூஸுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை மெயின் ஸ்விட்ச் வழியாக ஃப்யூஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கார் சாக்கெட்டுக்கு 10 ஆம்பியர், பி.டி. மாட்யூலுக்கு 10 ஆம்பியர், விளக்குக்கு 5 ஆம்பியர் என்று தனித்தனி ஃப்யூஸுடன் பிரியும். மறு கிளை, மெயின் ஸ்விட்சைத் தொடாமலேயே, 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகச் சார்ஜ் கனெக்டருக்குப் போகும். இதற்குக் காரணம் உண்டு. பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது மெயின் ஸ்விட்சை அணைத்தால், கன்ட்ரோலருக்குப் பேட்டரி இல்லாமல் போய், பேனலின் முழு மின்னழுத்தமும் அதன் மீது நிற்கும். பல மலிவான கன்ட்ரோலர்கள் அதைத் தாங்குவதில்லை.

ஃப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பதற்காக. கருவியைக் காப்பதற்காக என்று நினைத்து அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரியதைப் போடுவதற்கு முன், எது அதிகமாக இழுக்கிறது என்று தேடுங்கள்.

கூடாரத்துக்கு வெளியே நீளும் ஒயருக்கும் கணக்கு உண்டு. 5 மீட்டர் தூரத்துக்கு 1 ஸ்கொயர் ஒயரில் 5 ஆம்பியர் எடுத்தால், போக வர 10 மீட்டருக்கு 0.86 வோல்ட் குறைந்துவிடும். 2.5 ஸ்கொயரில் அதே இழப்பு 0.34 வோல்ட்தான். 230 வோல்ட்டில் யாரும் கவனிக்காத இழப்பு 12 வோல்ட்டில் விசிறியின் வேகத்திலேயே தெரியும்.

சோதனை

காரின் 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு நல்ல சோதனைச் சுமை. எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும். முழுச் சார்ஜில் தொடங்கி அதை எரியவிட்டால் ஏறத்தாழ நாலேகால் ஆம்பியர் எடுத்துக்கொண்டு, 11, 12 மணி நேரம் எரிய வேண்டும். பி.எம்.எஸ். நிறுத்தும்போது மீட்டர் காட்டும் ஆம்பியர்-மணியே உங்கள் பேட்டரியின் உண்மையான கொள்ளளவு. பல்பு தொட முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் ஓட்டின் மீதோ செங்கல்லின் மீதோ வையுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு லக்கையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே கிரிம்ப் சரியில்லை.

மீட்டர் இல்லாமல் வோல்ட்டை மட்டும் பார்த்து மீதியை ஊகிக்க நினைப்பவர் ஏமாறுவார். சுமை இல்லாத நிலையில் 13.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழ 70 சதவீதம் இருக்கும், 13.0 என்றால் 30 சதவீதம்தான். 0.2 வோல்ட்டுக்குள் பேட்டரியின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஷண்ட் மீட்டர் உள்ளே போவதையும் வெளியே போவதையும் எண்ணிக்கொண்டே இருப்பதால் அதை நம்பலாம். முழுச் சார்ஜ் ஆகும்போதெல்லாம் 100 சதவீதத்துக்குத் திருத்திவிட வேண்டும்.

சார்ஜ் செய்தல்

வீட்டில் இருக்கும்போது 14.6 வோல்ட், 10 ஆம்பியர் கொண்ட, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கே உரிய சார்ஜர் போதும். காலியான பேட்டரி ஐந்து முதல் ஆறு மணி நேரத்தில் நிரம்பும். வீட்டு மின்சாரத்தில் முக்கால் யூனிட் அளவுக்கே செலவாகும். வீட்டு இன்வெர்ட்டருக்கான பழைய ஈய-அமில சார்ஜரை இதில் போட வேண்டாம். அவற்றில் சில, பேட்டரியின் சல்பேட் படிவத்தைக் கரைப்பதற்காக 15 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றும் கட்டத்தைக் கொண்டவை. லித்தியத்துக்கு அது வேண்டாத வேலை. ஒவ்வொரு முறையும் பி.எம்.எஸ். வந்து தடுக்கும் என்று நம்பி இருப்பதும் சரியில்லை. அது கடைசிக் காவல். அன்றாடம் சார்ஜை நிறுத்த வேண்டியது சார்ஜரே.

சார்ஜ் செய்யும் இடத்தைப் பற்றி வடசென்னை வாசிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதிகளின் பல வீடுகளில் மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஒரே ஒரு குறுகிய படிக்கட்டுதான் இருக்கும். சுவிட்ச் போர்டு அருகில் இருக்கிறதே என்று படிக்கட்டின் அடியில் சார்ஜ் போடக் கூடாது. ஏதாவது நேர்ந்தால் வெளியேறும் ஒரே வழி அதுதான். வாசலுக்கும் கட்டிலுக்கும் விலகி, சிமென்ட் தரையில், துணியும் காகிதமும் இல்லாத இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். புகையோ வேறு மாதிரியான நாற்றமோ வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்காமல், அதை அப்படியே விட்டு எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று 101-ஐ அழைக்க வேண்டும்.

முகாமில் சூரியன் துணை செய்யும். நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனலுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டு, வெப்பம், தூசி, சாய்வு ஆகியவற்றால் ஆகும் இழப்பைக் கழித்தால் 350 வாட்-மணி வரை எதிர்பார்க்கலாம். நாம் போட்ட அன்றாடக் கணக்கு இழப்புடன் 270 என்பதால், வானம் தெளிவாக இருந்தால் பேட்டரி குறையவே குறையாது. பேனலின் கூடுதல் வோல்ட்டையும் வீணாக்காமல் மின்னோட்டமாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகை கன்ட்ரோலர் வாங்குங்கள். பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும்போது, பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 5.5 ஆம்பியரை 13 வோல்ட்டிலேயே கொடுத்து 72 வாட்டோடு நின்றுவிடும். கன்ட்ரோலரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, உச்ச அளவு 14.2 முதல் 14.4 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் அளவு) 13.5 வோல்ட் என்று வைத்து, சமப்படுத்தும் கட்டத்தையும் வெப்பநிலைத் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி.

பேனல் வெயிலில் கிடக்க, பெட்டி நிழலில் இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும். அக்னி நட்சத்திர நாள்களில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும் ஊர் நம்முடையது. பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். எனவே காரின் டிக்கியில் பெட்டியை விட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துச் சார்ஜ் போடும் வேலை மட்டும் வேண்டாம். மறுபுறம், 0 டிகிரிக்குக் கீழே இந்தச் செல்களைச் சார்ஜ் செய்யவே கூடாது. நம் ஊருக்கு அது பொருந்தாவிட்டாலும், ஜனவரியில் ஊட்டியின் உறைபனி விடியலில் கூடாரம் போடுபவர்கள் வெயில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும்.

ஓடும் காரிலிருந்து ஏற்ற விரும்பினால், 14.4 வோல்ட் தரும் லித்தியத்துக்கான டி.சி. டு டி.சி. சார்ஜர் இடையில் இருக்க வேண்டும். கார் பேட்டரியையும் இந்தப் பெட்டியையும் நேரடியாக ஒயரால் இணைத்தால், காலியான லித்தியம் பேட்டரி கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். டேஷ்போர்டு சாக்கெட் பொதுவாக 10 ஆம்பியர் அளவுக்கே தாங்கும் என்பதால், 5 ஆம்பியர் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று: சார்ஜ் ஏறும்போது வெளியீட்டில் 14 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சில மலிவான 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைகள் அந்த அழுத்தத்தில் அதிகமாகச் சூடாகிச் சீக்கிரம் கருகும். விளக்கு வரியில் மட்டும் ஒரு சிறிய 12 வோல்ட் நிலைப்படுத்தியைச் சேர்த்தால் தீர்ந்தது.

பயணமும் பராமரிப்பும்

விமானத்தில் இந்தப் பெட்டியைக் கொண்டுபோக முடியாது. பயணிகளின் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தடையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அதற்கு மேல் கூடாது. காரிலோ ஜீப்பிலோ போகும்போது மெயின் ஸ்விட்சை அணைத்து, சாக்கெட்டுகளை மூடியால் மூடி, பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். காட்டுப் பகுதியில் தங்குவதற்கு வனத்துறை அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பழவேற்காட்டு மணலில் பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மீது வைத்தால், மணலும் ஓத நீரும் அடியில் ஏறாது.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, கனெக்டர்களின் தொடுமுனைகளில் வாசலைனை மெல்லியதாகத் தடவுங்கள். பெட்டியைத் திறந்து முனைகளின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மலைப்பாதைக் குலுக்கலில் தளர்வது உண்டு. அடுத்த பயணம் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் முழுச் சார்ஜில் வைக்காமல் 50, 60 சதவீதத்தில் நிறுத்தி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். பி.எம்.எஸ்.ஸும் மீட்டரும் சிறிதளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்து ஏற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் மட்டும் முழுவதும் நிரப்பி, தரையில் இருந்து எடுத்து, தெருவில் தண்ணீர் ஏறினாலும் எட்டாத உயரத்தில் உள்ள அலமாரித் தட்டில் வைத்துவிடுங்கள்.